கைப்பேசிக்குள் பூட்டிய சேமிப்பு

சுனாபட்டி, தாராவி, செம்பூர் வாழ் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் சேமிப்பு இன்று கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. கணக்குடையவர் மறைந்தால், அப்படியொரு கணக்கு இருப்பதையே வீட்டார் அறியாது போகலாம்.

ரகசிய எண்ணைப் பகிர்வது தீர்வன்று. இறந்தவரின் ரகசிய எண்ணைக் கொண்டு பணம் எடுப்பது முறையற்றது. வாரிசுகளிடையே வழக்கிற்கும் வழிவகுக்கும். நியமனம் செய்வதே நேரிய வழி. 2025 நவம்பர் 1 முதல், ஒரு வைப்புக் கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கலாம். அவரவர் பங்கினையும் விழுக்காட்டில் குறிப்பிடலாம். நியமனதாரர் தொகையைப் பெறும் பொறுப்பாளரே; உரிமை சட்டப்படியான வாரிசுகளுடையது.

10 ஆண்டுகள் கோரப்படாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படும். எனினும் வாரிசுகள் பின்னரும் வங்கியிடம் கோரலாம்; ‘உத்கம்’ இணையதளம் அதனைத் தேட உதவும்.

வங்கி, கிளை, கணக்கு வகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அது இருக்குமிடத்தை இல்லத்தாரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.