செயற்கை இரத்தநாளம்: நெய்த குழாயும் வளர்த்த குழாயும்

பேராக் மாநிலத்தில் பால்மரத்தின் வரலாறு 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளோடு தொடங்குகிறது. பின்னாளில் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் ஓர் உண்மையை நாள்தோறும் கண்டனர். பட்டைக்குள் நீர்மமாக இருக்கும் பால், வெட்டுவாயில் சில மணி நேரத்தில் உறைந்து வடிவதை நிறுத்திவிடும். இரத்தமும் இதற்கு ஒப்பானதே. நலமான நாளத்துக்குள் அது உறைவதில்லை. அயற்பொருளைத் தொட்டால் உறைகிறது. செயற்கை இரத்தநாளம் ஆக்குவோர் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கல் இதுவே.

இதன் தேவையை நாம் நம் ஊர்களிலேயே காண்கிறோம். நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்தோர் வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்கின்றனர். அதற்காகக் கையிலுள்ள தமனியையும் சிரையையும் மருத்துவர் இணைத்து வைப்பர். சிரை நலிந்து பயன்படாதபோது செயற்கைக் குழாய் வேண்டியதாகிறது. காலில் இரத்தவோட்டம் அடைபட்டோர்க்கு மாற்றுவழி அமையாவிடின், காலையே இழக்க நேரலாம்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஆர்தர் வூர்ஹீஸ், துணியால் தைத்த குழாய்களை நாய்களின் பெருந்தமனியில் பொருத்திக் கண்ட முடிவுகளை 1952இல் வெளியிட்டார். அதன்பின் டேக்ரான் என்னும் பாலியெஸ்டர் இழைக் குழாய்கள் பரவின. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இத்தகைய குழாய்களை உருவாக்கியுள்ளது. விட்டம் மிகுந்த நாளங்களில் இவை பல்லாண்டு நிலைக்கின்றன. ஆனால் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள இடங்களில் எளிதில் அடைபடுகின்றன.

காரணம் யாது? இயற்கை நாளத்தின் உட்சுவரில் ஒற்றையடுக்காக அமைந்த உயிரணுக்கள், உறைதலைத் தடுக்கும் பொருள்களை இடையறாது சுரக்கின்றன. நெய்த துணிக்கு அத்திறன் இல்லை. பெருநாளத்தில் இரத்தம் விரைந்து பாய்வதால் சுவரில் மெல்லிய உறைபடலம் படிந்தாலும் வழி அடைபடுவதில்லை. சிறுநாளத்தில் அதே படலம் வழியையே மூடிவிடும்.

எனவே ஆய்வாளர் நாளத்தை நெய்வதைவிட வளர்க்க முனைந்தனர். லாரா நிக்லசன் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்புமுனை. கரையத்தக்க இழைச் சட்டகத்தில் தசை உயிரணுக்களை இட்டு, இதயத் துடிப்பைப் போல விட்டுவிட்டு அழுத்தம் கொடுத்து வாரக்கணக்கில் வளர்த்தனர். சட்டகம் கரையக் கரைய, உயிரணுக்கள் தாமே கொலாஜன் புரதத்தைப் படைத்துச் சுவர் எழுப்பின. துடிப்புப் பயிற்சி பெற்ற சுவரே உறுதியாக அமைந்தது. பின்னைய முறையில், வளர்ந்த குழாயிலிருந்து உயிரணுக்களைக் கழுவி நீக்குகின்றனர். எஞ்சும் புரதக்குழாயைப் பிறர் உடல் அயலாகக் கருதி எதிர்ப்பது குறைவு. பெறுவோரின் உயிரணுக்களும் நாளடைவில் அதில் குடியேறுகின்றன. இவ்வகைக் குழாய் ஒன்றுக்கு, கைகால்களின் தமனிக் காயங்களில் பயன்படுத்த அமெரிக்க அரசு 2024 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது.

இன்னும் கடக்கவேண்டிய தொலைவு உண்டு. நுண்நாளத்திலிருந்து ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்கு அப்பாலுள்ள உயிரணு, உயிர்வளி கிடைக்காமல் மடியும். ஆதலால் ஈரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளை ஆய்வகத்தில் வளர்ப்பதற்கு முன், அவற்றினுள் கிளைவிடும் நாளவலையை அமைத்தாக வேண்டும். 2012இல் ஓர் ஆய்வுக்குழு சர்க்கரைக் கம்பிகளால் வலை அச்சிட்டு, அதைச் சுற்றி உயிரணுக் கூழை வார்த்து, பின் சர்க்கரையைக் கரைத்து வழிகளை உண்டாக்கியது. நெசவு, வேதியியல், உயிரியல், பொறியியல் ஆகிய நான்கும் இத்துறையில் ஒன்றுகூடுகின்றன. நம் மாணவர் இவற்றுள் எதைக் கற்றாலும் இப்பணியில் அவர்க்கு இடமுண்டு.