பழைய மாட்டுக் கிடை
எம்பாலா மாட்டுப் பண்ணை, லைக்கிப்பியா, கென்யா

முள்மரக் காட்டின் நடுவே மரமின்றிக் கிடக்கும் இந்தப் புல் திடலை உண்டாக்கியவை மாடுகள். சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் அஞ்சி, மேய்ப்பர்கள் இரவில் போரான் மாடுகளை அடைத்துவைத்த முள்வேலிக் கிடை இங்கு இருந்தது. சுவாகிலி மொழியில் இதன் பெயர் ‘போமா’.

பகலெல்லாம் தொலைவில் மேய்ந்த மாடுகள், இரவில் சாணத்தை இங்கே சேர்த்தன. கிடை கைவிடப்பட்ட பின்னும் அந்த உரம் பல பத்தாண்டுகள் மண்ணில் தங்கும். முதலில் பரவுவது அருகம்புல்லுக்கு உறவான ஒரு புல். சத்துள்ள புல்லைத் தேடி இம்பாலா மான்கள் வருகின்றன. புதர் இல்லாததால், பதுங்கி வரும் விலங்கும் தூரத்திலேயே தெரிந்துவிடும். காலடியில் சிதறிக் கிடக்கும் கரும்புழுக்கைகள் இம்பாலாக்கள் விட்டுச் சென்றவை.

இதே பண்ணையின் கரிசல் பகுதியில் 1995 முதல் நீண்டகால ஆய்வு ஒன்று நடக்கிறது. தலா 4 எக்டேர் கொண்ட 18 நிலத்துண்டுகளில் மாடு, வரிக்குதிரை, யானை முதலியவற்றை வெவ்வேறு சேர்க்கைகளில் மேயவிட்டும் தடுத்தும் பார்க்கின்றனர். 2011இல் வெளியான முடிவு இது: வறட்சியில் காட்டு விலங்குகள் மாட்டின் தீனியைப் பங்குபோடுகின்றன, மழைக்காலத்திலோ வரிக்குதிரைகள் முற்றிய தாளைத் தின்றுவிட, மாடுகள் கூடுதல் எடை போடுகின்றன.