முன்னறிவு, முன்குறிப்பு, தலையெழுத்து

1

சில ஆண்டுகளுக்கு முன் கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டட வேலைக்குப் போன பையன் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போயிருந்தான். இடுப்பில் கட்டிக்கொள்ள அவனுக்குக் கயிறு கொடுக்கப்படவில்லை. முற்றத்தில் ஜெபம் நடத்திய உபதேசியார், இந்த நாளை ஆண்டவர் உலகம் உண்டாவதற்கு முன்பே அறிந்திருந்தார் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த சபைப் பெரியவர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு, ‘பொறவு காண்ட்ராக்டர் மேல கேஸ் எதுக்கு? ஆண்டவரு சித்தம் நடந்திருக்கு’ என்று முடித்துவைக்கப் பார்த்தார். அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த அத்தைக்காரி எழுந்து உட்கார்ந்தாள். ‘தெரிஞ்சவரு ஒருத்தரு, கயிறு குடுக்காதவன் இன்னொருத்தன். ரெண்டு பேரையும் ஏன் ஒண்ணாப் போட்டுப் பேசுதீய?’

யாரும் பதில் சொல்லவில்லை. ஜெபம் மறுபடி தொடங்கிவிட்டது.

நான் விசுவாசி அல்ல. வேதாகமத்தை ஒரு தமிழ்ப் பிரதியாக வாசிக்கிறவன். இருந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடவுளுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு நித்தியத் திட்டம் இருக்கிறது என்ற கிறிஸ்தவக் கோட்பாடு, நம் ஊர்த் தலையெழுத்துக்கு இன்னொரு பெயர்தானா? நம் இடதுசாரி நண்பர்கள் பலரும் ‘ஆமாம், எல்லாம் ஒரே மூடநம்பிக்கை’ என்று கடந்துபோகிறார்கள். சபைப் பெரியவரும் வேறு வழியாக அதே இடத்துக்குத்தான் வந்து சேருகிறார். மூலப் பிரதி அவ்வளவு லேசாக இருவருக்கும் வளைந்து கொடுப்பதில்லை என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

2

முதலில் சொற்கள். கிரேக்க மூலத்தில் இரண்டு வினைகள் உண்டு. ஒன்று ‘புரோகினோஸ்கோ’: முன்னே அறிதல். இன்னொன்று ‘புரோஓரிஸோ’: முன்னே எல்லை குறித்தல். தமிழ் வேதாகமம் இவற்றை ‘முன்னறிதல்’ என்றும் ‘முன்குறித்தல்’ என்றும் தருகிறது. கூடவே ‘தெரிந்துகொள்ளுதல்’ என்று ஒரு சொல். இங்கே அதற்குப் பொருள் அறிதல் அல்ல, பொறுக்கி எடுத்தல். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் பவுல் இவற்றைச் சங்கிலியாகக் கோக்கிறார். முன்னறியப்பட்டவர்கள் முன்குறிக்கப்படுகிறார்கள், பிறகு அழைக்கப்படுகிறார்கள், நீதிமான்களாக்கப்படுகிறார்கள், மகிமைப்படுத்தப்படுகிறார்கள். எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரம் இந்தத் தெரிவை உலகத் தோற்றத்துக்கும் முன்னால் கொண்டுபோகிறது.

கைக்கெட்டும் தூரத்தில் ‘ஊழ்’, ‘விதி’, ‘தலையெழுத்து’ எல்லாம் கிடக்க, இந்த இடங்களில் ‘முன்குறித்தல்’ என்ற சொல் வந்து உட்கார்ந்தது கவனத்துக்குரியது. ஊழ் என்றால் கூடவே வினை வரும். வினை என்றால் முற்பிறவி வரும். கர்மக் கோட்பாட்டின்படி துன்பப்படுகிறவனே தன் துன்பத்துக்குக் காரணம். சேரியில் பிறந்தவன் சேரியில் பிறக்கத்தக்கதை எங்கோ எப்போதோ செய்திருக்கிறான். பழவினைக் கோட்பாட்டால் ஏழையின் நிலைக்குச் சமூகமும் அரசும் பொறுப்பேற்காமல் தப்பித்துக்கொள்ள முடிகிறது என்பதை ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அம்பேத்கர் கடுமையாகச் சுட்டிக்காட்டுகிறார்.

ரோமர் 9ஆம் அதிகாரம் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. ரெபேக்காளின் வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள், ஏசாவும் யாக்கோபும். இருவரும் பிறக்கவில்லை, நன்மையோ தீமையோ எதுவும் செய்யவில்லை. அதற்குள் இளையவன் தெரிந்துகொள்ளப்படுகிறான். பவுல் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், செயலோ குலமோ தெரிவுக்கு அடிப்படை அல்ல என்று காட்டுவதுதான். 3ஆம் நூற்றாண்டில் ஒரிகேன் என்ற அலெக்சாந்திரிய அறிஞருக்கு இது அநீதியாகப் பட்டது. அந்தப் பிள்ளைகளின் ஆன்மாக்கள் பிறப்புக்கு முன்பே எதையோ செய்திருக்க வேண்டும், அதற்கேற்பத்தான் இந்தப் பிறப்பு என்று அவர் விளக்கினார். நம் வினைக் கோட்பாட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார் பாருங்கள்! ஆன்மாக்கள் பிறப்புக்கு முன்பே இருந்தன என்ற அந்தக் கருத்தை 6ஆம் நூற்றாண்டில் திருச்சபை தள்ளிவிட்டது. அதாவது, பிறப்பு முந்தைய செயலுக்கான கூலி அல்ல என்ற முடிவைக் கிறிஸ்தவம் தெரிந்தே எடுத்திருக்கிறது. நம் மண்ணில் இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் இதற்கு விலை உண்டு. வினையை எடுத்துவிட்டால் காரணம் எங்கே? ‘அவர் சித்தம்’ என்பது மட்டும்தான் மிஞ்சுகிறது. கர்மம் பாதிக்கப்பட்டவனைக் குற்றவாளியாக்கியது என்றால், சித்தம் என்ற சொல்லைக் கவனமில்லாமல் புழங்கினால் குற்றவாளியே காணாமல் போய்விடுவான். சபைப் பெரியவர் செய்தது அதைத்தான்.

3

வேதாகமத்தில் முன்னறிவு எப்படி இயங்குகிறது என்று கதைகளில் பார்ப்போம். 1 சாமுவேல் 23ஆம் அதிகாரம். சவுல் ராஜா தாவீதைக் கொல்லத் தேடுகிறான். தாவீது கேகிலா என்ற ஊரைப் பெலிஸ்தரிடமிருந்து காப்பாற்றி அங்கேயே தங்கியிருக்கிறான். சவுல் இங்கே வருவானா என்று கடவுளைக் கேட்கிறான். வருவான் என்று பதில். இந்த ஊர்க்காரர்கள் என்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்களா? கொடுத்துவிடுவார்கள் என்று பதில். தாவீது என்ன செய்கிறான்? விதி என்று உட்காரவில்லை. ஏறக்குறைய 600 பேரோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறான். சவுல் வரவில்லை. யாரும் பிடித்துக் கொடுக்கவுமில்லை.

கடவுள் சொன்ன இரண்டும் நடக்கவில்லை. பொய் சொன்னாரா? இல்லை. நீ இங்கேயே இருந்தால் இது நடக்கும் என்பதே அந்த அறிவு. 1588இல் லூயிஸ் தே மொலினா என்ற ஸ்பானிய இயேசுசபைக்காரர் இந்தக் கதையையும் ஆதாரமாகக் கொண்டு ‘இடைநிலை அறிவு’ என்ற கோட்பாட்டை உருவாக்கினார். மனிதன் எந்தச் சூழலில் எதைத் தேர்வான் என்பதைக் கடவுள் அறிவார், தேர்வது மனிதனே. கேகிலாவில் முன்னறிவு ஓர் எச்சரிக்கை. தப்பிப்பதற்காகத் தரப்படும் தகவல்.

அடுத்து, குயவன். எங்கள் ஊரிலிருந்து கிழக்கே, வீரவநல்லூரைத் தாண்டி, காருகுறிச்சியில் மண்பாண்டத் தொழில் உண்டு. சக்கரம் சுற்றுகிறதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு எரேமியா 18ஆம் அதிகாரம் உடனே விளங்கும். தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போகிறார். வனைந்த பாத்திரம் கையிலேயே கெட்டுப்போகிறது. குயவன் அதே மண்ணைத் திரட்டி வேறு பாத்திரம் வனைகிறான். இதற்குக் கடவுள் சொல்லும் பொருள்: அழிப்பேன் என்று நான் சொன்ன ஜனம் தீமையைவிட்டுத் திரும்பினால் நானும் மனம் மாறுவேன். நினிவேயில் நடந்ததும் அதுதான். 40 நாளில் கவிழும் என்று யோனா கூவிய ஊர் கவிழவில்லை. ரோமர் 9இல் பவுல் குயவனைக் கொண்டுவந்து, களிமண் கேள்வி கேட்கலாமா என்கிறபோது மேடைக்குத் தோதான அதட்டலாக அது மாறிவிடுகிறது. பிரசங்கங்களில் பெரும்பாலும் இந்தக் குயவன்தான் வருகிறான். திருப்பி வனைகிற எரேமியாவின் குயவனை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாக, என்னுடைய வாதத்துக்கு அச்சாணி போன்ற இடம்: அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரம், 23ஆம் வசனம். எருசலேமில் பேதுரு கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார். இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டது தேவனுடைய நிர்ணயப்படியும் முன்னறிவின்படியும் என்கிறார். திட்டம், முன்னறிவு இரண்டுமே ஒரே மூச்சில் வந்துவிட்டன. அதோடு நிறுத்தியிருந்தால் சிலுவைக்கு யாரும் பொறுப்பில்லை. பேதுரு நிறுத்தவில்லை. அதே வாக்கியத்தில், கொன்றவர்கள் நீங்கள் என்று முன்னிலையில் நின்று சொல்கிறார். தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இது உடனே கண்ணில் படும். ஒப்புக்கொடுக்கப்பட்டது என்பது செயப்பாட்டு வினை. கொலை செய்தீர்கள் என்பது செய்வினை. அதற்கு எழுவாய் உண்டு. கடவுளின் திட்டம் அந்த எழுவாயை விழுங்கவில்லை. யூதாஸ் விஷயத்திலும் அப்படியே. மனுஷகுமாரன் எழுதியிருக்கிறபடி போகிறார்; ஆனாலும் காட்டிக்கொடுக்கிறவனுக்கு ஐயோ என்கிறது மத்தேயு 26.

இதைத் தத்துவமாகச் சொன்னவர் போயத்தியஸ். கி.பி. 524 வாக்கில் சிறையில் மரண தண்டனையை எதிர்பார்த்திருந்த நாட்களில் எழுதினார். ஒருவன் நடந்துபோவதை நான் பார்க்கிறேன் என்பதால் அவன் நடக்கும்படி ஆகிவிடவில்லை. கடவுள் காலத்துக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் நிகழ்வாகப் பார்க்கிறார். பார்ப்பது வேறு, செய்வது வேறு. துக்க வீட்டில் அத்தைக்காரி பிரித்துக் கேட்டதும் இந்த இரண்டையும்தான்.

4

‘இதெல்லாம் ஐரோப்பியச் சண்டை, நமக்கென்ன’ என்று கேட்கலாம். 1618-19இல் ஹாலந்தின் டோர்ட் நகரில் கால்வினியர்கள் கூடி, அருளை மனிதன் ஏற்கவும் மறுக்கவும் முடியும் என்ற ஆர்மீனியஸின் சீடர்களைக் கண்டித்தார்கள். சண்டை அங்கேதான். ஆனால் அதே கேள்வி தாமிரபரணிக் கரையிலும் அதற்கு முன்பே பேசப்பட்டிருக்கிறது. நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரி மணவாள மாமுனிகளுக்கும் பிறந்த ஊர். தாய்ப்பூனை தன் குட்டியைக் கவ்வித் தூக்குவதுபோல் இறைவன் காரணமின்றி எடுத்துக்கொள்கிறான் என்றது தென்கலை. குரங்குக்குட்டிபோல் உயிரும் பற்றிக்கொள்ள வேண்டும் என்றது வடகலை. எங்கள் ஊர் ஆதிவராகப் பெருமாளைச் சேவிக்கிறவர்களுக்குப் பூனையும் குரங்கும் புதிதல்ல. திருவள்ளுவரும் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொல்லிவிட்டு, 62ஆம் அதிகாரத்தில் முயற்சி ஊழையும் புறங்காணும் என்கிறார். நம் மரபு ஒற்றைக் குரலில் பேசவில்லை.

1827இல் கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, கால்வினியச் சார்புள்ள பன்யனின் கதையை ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) என்று காப்பியமாக்கியபோது, கிருபை என்ற சொல்லை அவர் வெறுங்கையோடு சந்திக்கவில்லை. கம்பனும் ஆழ்வார்களும் அவருக்குள் ஏற்கெனவே இருந்தார்கள். இறக்குமதி என்று நாம் ஒதுக்குவது இங்கே ஏற்கெனவே இருந்த விவாதத்தோடு வந்து கலந்த ஒன்று.

திட்டம் என்ற கதையாடலின் அரசியலும் இந்த மாவட்டத்திலேயே தெரிகிறது. இந்துக்கள் விதி விதி என்று முடங்கிவிட்டார்கள் என்று குறைசொன்ன மிஷனரிமாரில் பலருக்கு, இந்தியாவில் வெள்ளைக்கார ஆட்சி வந்ததே தெய்வச் செயலாகத் தெரிந்தது. நமக்கு நடந்தால் விதி, அவர்களுக்கு நடந்தால் திட்டம்! 1849இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய சிறுநூல் அந்த மக்களைத் தாழ்வாகச் சித்திரித்தது. அவரோடும் மிஷனோடும் மோதிப் பிரிந்த அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை 1857இல் முக்குப்பேரியில் ‘இந்து’ என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்துத் தனிச் சபை தொடங்கினார். சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள், வெள்ளைப் பாதிரி இல்லாத வழிபாடு. தெரிந்துகொள்ளப்பட்ட இஸ்ரவேலின் கதையை இடைத்தரகர் இல்லாமல் நேராக எடுத்துக்கொண்டார் என்று இதை வாசிக்கலாம். அது பெரிதும் ஒரு சாதியின் பெருமை மீட்பாகவே நின்றுபோனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பவுல் குலத்தை உடைக்கப் பயன்படுத்திய தெரிவு, புதுக் குலப்பெருமைக்கும் பயன்படும். கோட்பாடு யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம்.

5

செயல்பாட்டாளர்களான நண்பர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். முன்குறிப்பு நமக்கும் அந்நியமல்ல. வரலாற்றின் விதி, தவிர்க்க முடியாத புரட்சி என்று நாமும்தான் பேசினோம். ‘வருவது உறுதி என்றால் ஏன் உழைக்க வேண்டும்?’ என்ற கேள்விக்கு 1898இல் பிளெகானவ் பதில் எழுதினார். எல்லாம் கடவுள் நிர்ணயம் என்று நம்பிய பியூரிட்டன்கள்தான் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மிகத் தீவிரமாகச் செயல்பட்டார்கள் என்று அவர் அங்கே எடுத்துக்காட்டுகிறார். தானும் அந்த நிர்ணயத்தின் ஒரு கண்ணி என்று நம்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. தவிர்க்க முடியாதது என்ற நம்பிக்கை ஒருவனை எழுப்பவும் செய்யும், படுக்கவும் வைக்கும்.

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் அடக்கம். அப்போது நான் சிறுவன். மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு ஏறுகிற பஸ் எங்கள் ஊரைத் தொட்டுத்தான் போகும். ‘ஆத்துல விழுந்து செத்துட்டாவ’ என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது நினைவில் இருக்கிறது. இந்த வாக்கியத்தில் ஆறு இருக்கிறது, விழுதல் இருக்கிறது, சாவு இருக்கிறது, விரட்டியவர்கள் இல்லை. இதற்குக் கடவுள்கூடத் தேவைப்படவில்லை. அரசாங்க மொழியே போதும். ஆனால் ‘சித்தம்’ வந்து சேர்ந்துவிட்டால் இந்த வாக்கியம் அசைக்க முடியாததாகிவிடுகிறது.

அதனால்தான் இந்தக் கோட்பாட்டைப் பற்றி நாம் பேசாமல் விடக்கூடாது என்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் கூலிக்காரர்கள் பலரும் வேதாகமத்தை மடியில் வைத்திருப்பவர்கள். ‘கடவுளே இல்லை’ என்று அவர்களிடம் போய்ச் சொன்னால் அன்றைக்கே உரையாடல் முடிந்துவிடும். பேதுருவின் வாக்கியத்தை முழுவதும் வாசியுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள் என்று சொல்லலாம். தாவீது கேகிலாவில் உட்கார்ந்திருக்கவில்லை என்று சொல்லலாம். கடவுளுக்குத் தெரியும் என்பது கேஸை வாபஸ் வாங்கக் காரணமாகாது. தெரிந்த சாட்சி ஒருவர் இருக்கிறார் என்றே அதற்குப் பொருள். இதற்கு நாம் விசுவாசியாக வேண்டிய அவசியமில்லை. பிரதியை ஒழுங்காக வாசித்தால் போதும்.

அந்த வீட்டில் போலீசுக்குக் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டவள் அந்த அத்தைதான்.