வடக்கு வானம் - 7: முதல் சீசனில் எது தேறும்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்துவிட்டால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் மொட்டை மாடிகளில் பேச்சு மாறிவிடும். மழையில் கூண்டு ஒழுகியது, கம்பு விலை ஏறியது எல்லாம் பின்னுக்குப் போய்விடும். ‘இந்த வருஷக் குஞ்சுங்கள்ல எது தேறும்?’ என்பதுதான் காலையிலும் மாலையிலும் பேச்சு. சென்னையில் தொலைவிலிருந்து வீடு திரும்பும் ஹோமர் புறாக்களின் பந்தயங்கள் பெரும்பாலும் ஜனவரியில் சூடுபிடித்து, வெயில் ஏறும் ஏப்ரல் வாக்கில் ஓயும். சீசன் தொடங்கும் முன்பே புறா வளர்ப்பவர் முடிவெடுத்தாக வேண்டும். எதைப் பந்தயத்துக்கு அனுப்புவது, எதை ஜோடிக்கு நிறுத்துவது, எதைக் கொடுத்துவிடுவது என்ற மூன்று கேள்விக்கும் பதில் வேண்டும்.

சென்ற வாரம் ஜோடி சேர்ப்பதைப் பார்த்தோம். அந்த ஜோடி இட்ட இரண்டு முட்டைகள் சுமார் 18 நாளில் பொரிந்தன. ஒரு வாரத்துக்குள் குஞ்சின் காலில் வளையம் ஏறியது. ஒரு மாதத்தில் அது தாய் தந்தையை விட்டுப் பிரிந்து தானாகத் தீனி பொறுக்கத் தொடங்கிவிட்டது. அதன் எதிர்காலத்தை இப்போதே சொல்லிவிட முடியுமா?

மாடி மாடியாக ஏறிப் பார்த்ததிலும் கேட்டதிலும் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: இளம் புறாவைக் கையில் பிடித்துப் பார்த்து ‘இது ஆகாது’ என்று சொல்லிவிடலாம். ‘இது ஜெயிக்கும்’ என்று சொல்ல முடியாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சீசன் தோறும் நல்ல புறாக்கள் கை நழுவிப் போகின்றன.

கை சொல்வது

திருவொற்றியூரில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு மாடியில், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் குஞ்சு பார்க்கிறார். புறாவின் இரண்டு கால்களையும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பின்பக்கமாக இடுக்கிக்கொள்கிறார். கட்டைவிரல் இறக்கை நுனிகளையும் வாலடியையும் சேர்த்து அமுக்குகிறது. புறா துள்ளவில்லை. மறுகை நெஞ்சுக்கு அடியில் போகிறது. மார்பெலும்பு நேராக ஓடுகிறதா, அதன் இரு பக்கமும் சதை நிறைந்திருக்கிறதா என்று விரல் தடவிப் பார்க்கிறது. பறவைக்கு என்ஜின் அந்த நெஞ்சுச் சதைதான். உடல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது.

“ண்ணா, நெஞ்சு நல்லா கீதுல்ல?” என்கிறான் பக்கத்தில் நிற்கும் பையன்.

“நெஞ்சு கீதுடா. ரெக்கைய விரிச்சுப் பாரு. கோடு கீதா?”

பையன் இறக்கையை விசிறி போல விரித்து வெளிச்சத்தில் பிடிக்கிறான். நுனிப் பக்கம் பத்துப் பெரிய இறகுகள். புறாவை முன்னே தள்ளுவது இவைதான். குஞ்சுக்கு ஆறேழு வாரம் ஆனதும் இவற்றில் உள்பக்கத்து முதல் இறகு உதிர்ந்து புதியது முளைக்கும். அதன் பிறகு ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் நோக்கி மாறிக்கொண்டே போகும். எத்தனை மாறியிருக்கிறது என்று எண்ணியே அனுபவசாலிகள் குஞ்சின் வயதைச் சொல்லிவிடுவார்கள். பையன் தேடுகிற கோடு வேறு. கூட்டில் வளர்ந்தபோது குஞ்சு நோயிலோ பட்டினியிலோ கிடந்திருந்தால், அன்று வளர்ந்த இறகுப் பகுதியில் மெல்லிய குறுக்குக் கோடு விழுந்துவிடும். இறகு அந்த இடத்தில் பலவீனமாக இருக்கும், எளிதில் ஒடியும்.

அடுத்து அலகைத் திறந்து தொண்டை பார்ப்பார்கள். மஞ்சள் படலம் இருந்தால் அது நோய். கூண்டுத் தரையில் எச்சம் பார்ப்பார்கள். கெட்டியாக, வெள்ளை நுனியோடு இருந்தால் குடல் சுத்தம், நீர்த்துப் போயிருந்தால் கவலை. நன்றாக வளர்ந்த பந்தயப் புறா 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். கையில் வைத்தால் முன்பக்கமும் சாயாமல் பின்பக்கமும் சாயாமல் அடங்கி உட்கார வேண்டும்.

இவை எல்லாமே குறை கண்டுபிடிக்கும் வழிகள். வளைந்த மார்பெலும்பு, கோடு விழுந்த இறகு, நோய் கண்ட தொண்டை இவற்றோடு ஒரு குஞ்சை நெல்லூர்ப் பந்தயத்துக்கு அனுப்புவது பாவம். ஆனால் குறை இல்லாத பத்துக் குஞ்சுகளில் எது முதலில் வீடு வரும் என்று எந்த விரலும் சொல்லாது.

கண்ணைப் பார்த்துச் சொல்பவர்கள்

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு புறாவின் கண்ணைப் பார்த்தே பந்தயப் புறாவையும் ஜோடிப் புறாவையும் பிரித்துவிடுகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. நம் மாடிகளிலும் உண்டு. கருவிழியைச் சுற்றியுள்ள வளையம், நிறத்தின் ஆழம், உள்ளே தெரியும் மடிப்புகள் என்று அதற்குப் பெரிய சாத்திரமே இருக்கிறது. வேகத்துக்கும் கண்ணின் நிறத்துக்கும் தொடர்பு உண்டு என்று அறிவியல் இதுவரை நிறுவவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். சின்னக் குஞ்சின் கண் மங்கிய சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும். நிறம் ஏறி நிலைக்கச் சில மாதங்கள் ஆகும். நிறமே நிலைக்காத கண்ணைப் பார்த்து ஒரு பறவையின் தலையெழுத்தைச் சொல்வதை எப்படி ஏற்பது?

வளையம் காட்டாத வயது

இளம் பறவையை மதிப்பிடுவதில் பெரிய பொறி கால் வளையத்தில்தான் இருக்கிறது. வளையத்தில் வருடம் மட்டும் இருக்கும், மாதம் இருக்காது. ஆண்டின் தொடக்கத்தில் பொரிந்ததும் அதே ஆண்டின் கடைசியில் பொரிந்ததும் ஒரே ஆண்டு வளையத்தோடு நிற்கும். ஒன்று இறகு மாற்றத்தைப் பெருமளவு முடித்து, வானத்தில் பல மாதம் சுற்றிப் பழகியது. இன்னொன்று இப்போதுதான் மாடியை விட்டுக் கிளம்பக் கற்றுக்கொள்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து மூத்தது முந்தினால், ‘இதான்டா ரத்தம்’ என்று கொண்டாடுகிறோம். முந்தியது ரத்தமாக இருக்கலாம், வெறும் வயதாகவும் இருக்கலாம்.

குதிரைப் பந்தயத்திலும் இதே பொறி உண்டு. வட அரைக்கோளத்தில் பந்தயக் குதிரைகளுக்கு ஜனவரி 1 பொதுப் பிறந்த நாள். ஜனவரியில் பிறந்த குட்டிக்கும் மே மாதம் பிறந்த குட்டிக்கும் ஏட்டில் ஒரே வயது. இரண்டு வயதில் ஓடும் முதல் பந்தயங்களில் நான்கு மாத வித்தியாசம் என்பது பெரிய வித்தியாசம்.

இளம் குதிரையை முன்கூட்டியே கணிக்கப்போய் உலகம் பட்ட பாட்டுக்கு ஒரு கதை போதும். 2006 பிப்ரவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த ஏலத்தில் ‘தி கிரீன் மங்கி’ என்ற இரண்டு வயதுக் குதிரை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விலைபோனது. ஏலத்துக்கு முன் ஒரு பர்லாங்கை 9.8 விநாடியில் ஓடிக் காட்டியதுதான் அந்த விலைக்குப் பெரிய காரணம். பிறகு அது பந்தயத்தில் மூன்றே முறை ஓடியது. ஒன்றிலும் வெல்லவில்லை. மொத்தப் பரிசுப் பணம் 10,440 டாலர். இதற்கு நேர்மாறாக, 1975இல் 17,500 டாலருக்கு வாங்கப்பட்ட ‘சியாட்டில் ஸ்லூ’ 1977இல் அமெரிக்காவின் மும்மகுடத்தையும் வென்றது. அங்கே மருத்துவர் இருந்தார், வம்ச ஏடு இருந்தது, நிறுத்துக் கடிகாரம் இருந்தது. அப்படியும் கணிப்பு தவறியது.

புறாவில் பெரும்பணம் புரளும் பெல்ஜியத்திலும் இதைக் கவனிக்கலாம். 2020 நவம்பரில் ‘நியூ கிம்’ என்ற இரண்டு வயதுப் பெட்டை 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. 2018 பந்தயங்களில் வென்று தன்னை நிரூபித்த பறவை அது. விலை கொடுத்தவர்கள் அதன் கண்ணை நம்பிக் கொடுக்கவில்லை, அது பறந்து காட்டியதை நம்பிக் கொடுத்தார்கள்.

பாதைதான் பரீட்சை

நம் ஊர்ப் பறவைக்குப் பரீட்சைக்கூடம் வடக்கே இருக்கிறது. முதலில் மாடியைச் சுற்றிப் பறக்கப் பழக்குவார்கள். பிறகு மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, தடா, சூலூர்பேட்டை, கூடூர் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கொண்டுபோய் விடுவார்கள். பந்தயம் நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று நீண்டு, தேறிய பறவைகளுக்கு நாக்பூர் வரைக்கும் அதற்கு அப்பாலும் போகும். நாக்பூரிலிருந்து நேர்கோட்டில் மட்டும் சுமார் 900 கிலோமீட்டர்.

திரும்பி வரும் வழியில் இளம் பறவைக்கு எதிரிகள் பலர். பந்தயம் நடக்கும் குளிர்காலத்தில்தான் வடக்கிலிருந்து ராஜாளிகளும் வலசை வருகின்றன. அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களிலிருந்து கிளம்பும் உயர் அழுத்த மின்கம்பிகள் வானத்தில் குறுக்கே ஓடுகின்றன. பனிமூட்டத்தில் தாழப் பறக்கும் பறவைக்கு அவை எமன்.

இளம் பறவை பிந்துவதற்கு இதைவிட முக்கியமான காரணம் பறவைக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கீட்டன் 1971இல் வெளியிட்ட ஆய்வில், புறாக்களின் மேல் சிறு காந்தத்தைக் கட்டி விட்டார். அனுபவப்பட்ட புறாக்கள் வெயில் நாளில் காந்தத்தைச் சட்டை செய்யாமல் வீட்டுத் திசையைப் பிடித்தன. மேகமூட்ட நாளில்தான் குழம்பின. முதன்முறை பறக்கும் இளம் புறாக்களோ, வெயில் இருந்தும் காந்தத்தால் திணறின. அனுபவப்பட்ட புறா திசை காட்டும் ஒரு குறிப்பு இல்லாவிட்டால் இன்னொன்றை வைத்துச் சமாளிக்கும். குஞ்சுக்கு சூரியனும் பூமியின் காந்தமும் இரண்டுமே வேண்டியிருக்கிறது. பழகிய பாதையில் புறாக்கள் நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் பின்பற்றிப் பறப்பதை 2004இல் இத்தாலியில் நடந்த ஆய்வு காட்டியது. வடக்கிலிருந்து வருகிற நம் பறவைக்கும் கீழே கொல்கத்தா நெடுஞ்சாலையும் கும்மிடிப்பூண்டி ரயில் பாதையும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பாதை மனதில் பதியப் பல பயணங்கள் வேண்டும்.

ஆக, மேகம் மூடிய ஒரு காலையில் முதல் பந்தயத்தில் பிந்திய குஞ்சை ‘ஓடாதது’ என்று ஒதுக்குவது அநியாயம். அன்றைக்கு அது பரீட்சையே எழுதவில்லை.

மணியை மட்டும் பார்க்காதீர்கள்

முதலில் வந்தது எது என்பதிலும் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு கூண்டும் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்றுதான் முடிவு. வடக்கே தள்ளி இருக்கும் ஒரு கூண்டு விட்ட இடத்திலிருந்து 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புறா 100 நிமிடத்தில் வந்தால் வேகம் 1,200 மீட்டர். ராயபுரத்தில் ஒரு கூண்டு 125 கிலோமீட்டர். அதன் புறா நான்கு நிமிடம் பிந்தி, 104 நிமிடத்தில் வந்தாலும் வேகம் சுமார் 1,202 மீட்டர். வென்றது பிந்தி வந்ததுதான்.

வாசல் வரை வந்து எதிர் மாடியில் உட்கார்ந்துகொள்கிற புறாவும் உண்டு. உள்ளே நுழைந்தால்தான் நேரம் பதிவாகும். அங்கே பத்து நிமிடம் வீணடிப்பது பறவையின் வேகக் குறைவால் நடப்பதில்லை. பசியோடு வீடு திரும்பவும், டப்பாவைத் தட்டினால் இறங்கவும் நாம் பழக்காததால் நடப்பது. பறவையின் குறையையும் வளர்த்தவரின் குறையையும் பிரித்துப் பார்க்காதவர் எதையும் மதிப்பிட முடியாது.

புதிதாகக் கூண்டு கட்டியிருக்கும் தம்பிகளுக்கு

‘மாரி’ படம் வந்த 2015க்குப் பிறகு புறா மேல் ஆசைப்பட்டு மாடி ஏறிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு மூன்று விஷயம் சொல்ல ஆசை.

ஒன்று, குஞ்சு பொரிந்த தேதியை ஒரு நோட்டில் எழுதுங்கள். வளையத்தை நம்பாதீர்கள். ஒரே மாதத்தில் பொரிந்தவற்றை மட்டும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள்.

இரண்டு, ஒவ்வொரு முறை விடும்போதும் காற்று, மேகம், வந்த நேரம், கூட்டமாக வந்ததா தனியாக வந்ததா என்பதைக் குறியுங்கள். கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு முதலில் வரும் குஞ்சைவிட, பத்து நிமிடம் பிந்தினாலும் தனியாக, வேறொரு திசையிலிருந்து வந்து இறங்கும் குஞ்சு கவனிக்கத் தக்கது. அது பிறரைப் பின்தொடராமல் தானாக வழி கண்டுபிடித்திருக்கலாம்.

மூன்று, மறுநாள் காலையில் வந்த குஞ்சை விற்காதீர்கள். வெளியே ஓர் இரவைத் தனியாகக் கழித்து, பூனைக்கும் ராஜாளிக்கும் தப்பி, பொழுது விடிந்ததும் வீட்டைத் தேடிப் பிடித்த பறவை அது. நோய் இல்லையென்றால் அதற்கு இன்னொரு சீசன் கொடுங்கள். முதல் சீசன் முடிவதற்குள் எந்த ஆரோக்கியமான குஞ்சையும் தீர்ப்பு சொல்லி அனுப்பாதீர்கள். இந்தப் பந்தயத்தில் பொறுமையைவிடப் பெரிய கணிப்பு எதுவும் இல்லை.

புறா வளர்க்காத வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை உங்கள் மாடியில் காலில் வளையம் மாட்டிய புறா களைத்து உட்கார்ந்திருந்தால், அது வழி தவறிய இளம் பறவையாக இருக்கலாம். பிடித்து அடைக்காதீர்கள், விற்காதீர்கள். ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு கைப்பிடி கம்பும் வைத்துவிட்டு விலகுங்கள். தெம்பு வந்ததும் அது தானாகக் கிளம்பிவிடும்.

(தொடரும்)