குறையை மறைக்கப் பிறந்த வளையங்கள்

பின்லாந்தின் பழைய கண்ணாடிப் பாத்திரங்களைச் சேகரிப்போர் பெரிதும் விரும்புவனவற்றுள் ஒன்று, ஒரு தண்ணீர்த் தம்ளர். அதில் பூவேலைப்பாடு இல்லை. பொன் விளிம்பும் இல்லை. குளத்தில் கல்லெறிந்தால் விரியும் நீர்வளையங்களைப் போல, உடலைச் சுற்றி அடுக்கடுக்கான வளையங்கள் மட்டுமே உண்டு.

1932-ஆம் ஆண்டில் கார்ஹுலா, ஈட்டலா கண்ணாடி ஆலைகள் வடிவமைப்புப் போட்டி ஒன்றை நடத்தின. கட்டடக் கலைஞர் ஐனோ ஆல்ட்டோ, அழுத்துவார்ப்புக் கண்ணாடிப் பிரிவில் இரண்டாம் பரிசு பெற்றார். தம்ளர், குடுவை, கிண்ணம், தட்டு என அமைந்த அவரது தொகுதிக்குப் 'போல்கெப்லிக்' என்று பெயர். அலைக்காட்சி எனப் பொருள் கொள்ளலாம். 1936-இல் மிலான் நகரில் நடைபெற்ற மூவாண்டுக் கலைக் கண்காட்சியில் இத்தொகுதி தங்கப் பதக்கம் பெற்றது.

பொருளின் பயன்பாடே அதன் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அக்காலத்துப் பயன்பாட்டுவாதிகளின் கொள்கை. அப்படியானால் இந்த வளையங்கள் எதற்கு? விடை, தம்ளர் செய்யப்படும் முறையில் இருக்கிறது. உருகிய கண்ணாடிக் குழம்பை இரும்பு அச்சில் இட்டு, மேலிருந்து ஓர் உலக்கையால் அழுத்தினால் பாத்திரம் உருவாகிவிடும். நம் தேநீர்க் கடைகளின் கோடு போட்ட கண்ணாடித் தம்ளரும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஊதிச் செய்வதைவிட இம்முறை விரைவானது, மலிவானது. ஆனால் குமிழிகளும் நெளிவுகளும் கண்ணாடியில் தங்கிவிடும். அச்சின் பகுதிகள் இணையும் இடத்தில் கோடும் விழும். வழவழப்பான பரப்பில் இவை உடனே கண்ணில் படும். வளையங்களின் ஒளிச்சிதறலில் மறைந்துவிடும். கைக்குப் பிடிமானமும் கிடைக்கும். அலங்காரம் போலத் தோன்றுவது, உண்மையில் மலிவான உற்பத்திக்குக் கண்ட தீர்வு.

இதே சிக்கல் ஒரு தலைமுறைக்குப் பின்னும் எழுந்தது. நூட்டாயார்வி ஆலைக்காக ஓய்வா டொய்க்கா 1964-இல் வடிவமைத்த 'காஸ்டெஹெல்மி' தட்டுகளில் பனித்துளி போன்ற கண்ணாடி மணிகள் வட்டவட்டமாக அமைந்துள்ளன. அச்சு இணைப்பின் கோட்டை மறைக்கவே அவை வந்தன. கண்டிப்பான பயன்பாட்டுவாதிகள் இதைத் தம் வரிசையில் சேர்க்கத் தயங்கலாம், சேகரிப்போர் தயங்குவதில்லை.

வாங்குவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவ்விரு வடிவங்களும் பிற்காலத்தில் மீண்டும் உற்பத்திக்கு வந்தவை. காஸ்டெஹெல்மி 2010-இல் மறுபிறவி எடுத்தது. எனவே வடிவத்தை மட்டும் பார்த்துப் பழம்பொருளுக்குரிய விலையைத் தந்துவிடலாகாது. வடிவமைத்த ஆண்டு வேறு, தயாரித்த ஆண்டு வேறு. விற்பனை விளம்பரங்கள் முன்னதையே பெரிதாகச் சொல்லும். சிவப்பு வட்டத்தில் 'ஐ' எழுத்துள்ள ஈட்டலா ஒட்டுச்சீட்டு இருந்தால், ஒட்டிய பொருள் 1956-க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. டிமோ சார்பனேவா அச்சின்னத்தை வரைந்ததே அவ்வாண்டில்தான். சீட்டு இல்லையென்றால் கையும் கண்ணுமே சான்று. பழைய பாத்திரத்தில் குமிழியும் அச்சுக்கோடும் தென்படலாம். அடிப்பாகத்தில் பல்லாண்டுப் பயன்பாட்டின் நுண்கீறல்கள் பல திசைகளில் ஓடும். எல்லாக் கீறல்களும் ஒரே திசையில் இருந்தால் ஐயுறலாம். விளிம்பை விரல் நுனியால் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சில்லு பெயர்ந்த விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்தியிருந்தால், தம்ளரின் உயரம் இணைத் தம்ளரைவிடச் சற்றுக் குறைந்திருக்கும்.

இதை முதலீடாகக் கருதுவது சரியன்று என்பது எம் கருத்து. கண்ணாடி வட்டி ஈட்டாது. அவசரத்துக்கு விற்க முனைந்தால் வாங்குவோரைத் தேட வேண்டும். அயல்நாட்டிலிருந்து வருவித்தால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் பொருளின் விலையை எட்டக்கூடும். வழியில் உடையும் வாய்ப்பு வேறு. ஆறு தம்ளர்களை ஒருங்கே வாங்குவதைவிட, நல்ல நிலையிலுள்ள ஒன்றை வாங்கிப் பழகிய பின் அடுத்ததைத் தேடுவது நலம்.

வாங்கியதை அலமாரியில் பூட்டி வைக்கவும் தேவையில்லை. தண்ணீரும் மோரும் தாராளமாகப் பருகலாம். கொதிக்கும் தேநீரை மட்டும் ஊற்ற வேண்டாம். தடித்த கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் காணும். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் இட வேண்டாம். அதில் மீண்டும் மீண்டும் கழுவினால் பரப்பு அரிக்கப்பட்டு வெண்மூட்டம் படியும்; எத்துணைத் தேய்த்தாலும் அது நீங்காது.