சர்வர் பழக வீட்டுக் கம்ப்யூட்டரே போதும்

"பையனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியாச்சு தம்பி. சர்வர் அட்மின் வேலைக்குப் போகணுமாம். எந்தக் கோர்ஸில் சேர்க்கலாம்?" எழுமலைக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுகிறார். பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

2019-ல் இன்ஜினியரிங் முடித்து முதல் இன்டர்வியூவுக்குப் போனேன். சான்றிதழ்களை நீட்டினேன். "நீங்களே நடத்திய சர்வர் எது? அதில் கடைசியாக என்ன கெட்டுப்போனது?" என்று கேட்டார்கள். பதில் இல்லை. உசிலம்பட்டி பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

டிசைனர் தான் வரைந்த படத்தைக் காட்டலாம். ஒழுங்காக ஓடும் சர்வரோ யார் கண்ணுக்கும் தெரியாது. எனவே இந்த வேலைக்குப் போர்ட்ஃபோலியோ என்றால், நீங்கள் என்ன அமைத்தீர்கள், எது கெட்டது, எப்படிச் சரி செய்தீர்கள் என்ற குறிப்புகள்தான்.

பள்ளியில் எனக்குக் கிடைத்த அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. நான்தான் அதைத் திறந்ததே இல்லை! இன்டர்வியூவுக்குப் பிறகுதான் அந்தப் பழைய லேப்டாப் நினைவுக்கு வந்தது.

உங்கள் கம்ப்யூட்டரில் 4 ஜிபி ராம் இருந்தால் போதும். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். இது கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கும். அதில் டெபியன் லினக்ஸை, படங்களும் ஐகான்களும் இல்லாமல் எழுத்துத் திரையோடு மட்டும் நிறுவுங்கள். 1 ஜிபி ராமும் 10 ஜிபி இடமும் கொடுத்தால் தாராளம். தவறு செய்தால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். உங்கள் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது.

தமிழில் படிக்க, து.நித்யா எழுதிய 'எளிய தமிழில் ஜிஎன்யு/லினக்ஸ்' மின்னூல் இலவசமாகக் கிடைக்கிறது. கணியம் இதழில் அவர் எழுதிய கட்டுரைகளும் உள்ளன. ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலுடன் லினக்ஸ் பாடங்கள் உண்டு. கட்டளைகள் கை பழக 'பேண்டிட்' என்ற இணைய விளையாட்டு நல்லது. ஒரு நிலையில் ஒளிந்திருக்கும் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தால்தான் அடுத்த நிலை திறக்கும். சாப்பாட்டையே மறக்க வைக்கும், எச்சரிக்கை!

கொஞ்சம் பழகியதும் வெளிநாட்டில் ஒரு சிறிய சர்வரை மாத வாடகைக்கு எடுத்தேன். ஒருநாள் இரவு, 22-ஆம் போர்ட்டை அனுமதிக்காமலேயே ஃபயர்வாலை இயக்கிவிட்டேன். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வாசல் அதுதான். சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதை. வாடகை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இருந்த கன்சோல் வழியாக உள்ளே போய்த் திறப்பதற்குள் விடிந்துவிட்டது. நடந்ததை அப்படியே இரண்டு பக்கம் எழுதி கிட்ஹப்பில் போட்டேன். அடுத்த இன்டர்வியூவில் சான்றிதழை யாரும் புரட்டவில்லை. அரை மணி நேரம் அந்த இரண்டு பக்கத்தைப் பற்றியே கேட்டார்கள். வேலை கிடைத்தது.

கிட்ஹப்பில் போடும்போது பாஸ்வேர்டு, ரகசியச் சாவி எதுவும் அதில் இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். பிறகு அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது அப்படியே இருக்கும். தவறிப் போட்டுவிட்டால் உடனே அந்தப் பாஸ்வேர்டையே மாற்றிவிடுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமா? முதல் குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள். என்னுடையதும் அப்படித்தான் தொடங்கியது.