ராஜ்தூத் 350-இல் நிரலேற்றத்தக்க தீப்பொறி அலகு

நிரலேற்றத்தக்க தீப்பொறி அலகு என்பது, ராஜ்தூத் 350 போன்ற பழைய விசையுந்துகளில் பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகளுக்கு மாற்றாகப் பொருத்தப்படும் மின்னணுக் கருவி ஆகும். யமகா ஆர்டி 350-ஐத் தழுவி எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இந்தியாவில் தயாரித்த இவ்வண்டியின் ஈரடிப் பொறியில் இரு உருளைகளுக்கும் தனித்தனிப் பாயிண்டுகள் உள்ளன. பிஸ்டன் உச்சியை எட்ட 2 மி.மீ. இருக்கையில் தீப்பொறி எழும். வேகம் கூடினாலும் இந்நிலை மாறாது. உராய்கட்டை தேயத் தேயத் தீப்பொறி தாமதமாகும்.

புதிய அலகு, உணரி வழியே சுழல்வேகத்தை அறிந்து, பதிந்து வைத்த அட்டவணைப்படி தீப்பொறி நேரத்தை மாற்றுகிறது. உயர்வேகத்தில் தீப்பொறியைத் தாமதப்படுத்தினால் புகைக்குழாயின் வளிமம் சூடேறி, அதில் அழுத்த அலைகள் விரைந்து செல்லும். அதனால் திறன் மேலும் சற்று உயர்ந்த வேகம் வரை நீடிக்கும். நான்கடிப் பொறிக்குரிய அட்டவணையை இதில் ஏற்றுவது பெருந்தவறு. தீப்பொறி முந்தி, வெடியதிர்வு தோன்றி, பிஸ்டன் தலையில் துளை விழக்கூடும். எனவே பிளக் துளையில் டயல் கேஜ் வைத்து பிஸ்டன் உச்சியை அளந்தே உணரித் தட்டு இறுக்கப்படுகிறது.